வண்டியின் மூக்கு ஏன் இறங்கியது?

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் காப்பி, மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறேன். 2021-இல் வாங்கிய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப், நான்கு சக்கர இயக்கம் கொண்டது. 61,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வண்டி முன்பக்கம் குனிந்தாற்போல நிற்கிறது. தோட்டப் பாதையில் ஓடை கடக்கும் இடத்தில் முன்னால் அடி தட்டுகிறது. (இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரும்பு பம்பரும், சேற்றில் சிக்கினால் வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச்சும் மாட்டினேன்.) சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தால் முன்னால் 47 செ.மீ., பின்னால் 53 செ.மீ. ஒரு பட்டறையில் முன்பக்கம் ஸ்பேசர் வைத்து 2 அங்குலம் உயர்த்தி மட்டமாக்க 9,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்னொருவர் இரண்டரை லட்சத்தில் முன்னும் பின்னும் 4 அங்குலம் தூக்கித் தருவதாகச் சொல்கிறார். பறிப்புக் காலத்தில் ஆறு மூட்டை, சுமார் 300 கிலோ ஏற்றுவேன்; மற்ற மாதங்களில் பின்னால் உள்ள சுமைத் தொட்டி காலிதான். எழுபது வயது தாண்டிய அம்மா மாதம் இருமுறை ஆஸ்பத்திரிக்கு இதில்தான் வருகிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கடந்துபோன அந்த ஒரு வரிதான். வண்டியின் மூக்கு எப்போதிலிருந்து இறங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. பம்பர் மாட்டிய பிறகுதான் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்து, கழற்றிய பழைய பம்பரின் எடை போக, 80 கிலோ கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை முன் ஆக்சிலின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை; அதற்கும் 80 செ.மீ. முன்னால் தொங்குகிறது. உங்கள் வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3,095 மி.மீ. ஏற்ற இறக்கப் பலகையின் (சீசா) நுனியில் ஒரு பிள்ளை உட்கார்ந்தால் மறுமுனை எழும்புவதைப் போல, முன் ஆக்சிலுக்கு 80 அல்ல, 100 கிலோ கூடுகிறது. பின் ஆக்சிலில் 20 கிலோ குறைகிறது. முன்பக்கம் ஒன்றரை, இரண்டு செ.மீ. அமுங்குகிறது, பின்பக்கம் கொஞ்சம் எழும்புகிறது. கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து தெரிகிறது. அதன்மேல் 61,000 கி.மீ. மலைப்பாதையில் உழைத்த முன் காயில் ஸ்பிரிங்கின் தளர்ச்சி வேறு.

அடி தட்டுகிறது என்கிறீர்கள். எது தட்டுகிறது? வண்டியை ஓடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளவென்று புதிதாகத் தேய்ந்த இடம் பம்பரின் கீழ் விளிம்பிலா, அதற்குப் பின்னால் என்ஜினின் அடித்தகட்டிலா? என்னிடம் இப்படி வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் தேய்ந்திருந்தது பம்பர்தான். பாதுகாப்புக்கு மாட்டிய பொருளே தரையில் முட்டுகிறது; அதைக் காப்பாற்ற வண்டியைத் தூக்கச் சொல்கிறீர்கள்.

அடுத்தது, அந்த 47, 53 அளவு. சக்கர மையத்திலிருந்து அளந்தது சரியான முறைதான். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் கணக்கில் கலந்துவிடும். ஆனால் முன் மட்கார்டின் வளைவும் பின் மட்கார்டின் வளைவும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டவை என்று யார் சொன்னது? இந்த இரண்டு எண்களும் தூக்குவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடப் பயன்படும். வண்டி மட்டமா என்று சொல்லப் பயன்படாது. மட்டம் தெரிய வேண்டுமானால் சிமெண்ட் தரையில் நிறுத்திக் கதவின் கீழ்ப்படியில் கொத்தனாரின் ரசமட்டத்தை வையுங்கள். நீங்கள் நினைத்ததைவிடச் சரிவு குறைவாக இருக்கும்.

இருக்கிற சரிவும் பிழை அல்ல. பிக்கப் வண்டியை மூக்கு இறங்கி, பின்பக்கம் எழும்பி நிற்கும்படிதான் தொழிற்சாலையில் அமைக்கிறார்கள். தொட்டியில் சுமை ஏறினால் பின்பக்கம் இறங்கி வண்டி மட்டத்துக்கு வர வேண்டும் என்பதற்காக. உங்கள் ஆறு மூட்டை ஏறும்போது பின்பக்கம் நான்கைந்து செ.மீ. இறங்கும். ஆக, பறிப்புக் காலத்தில் உங்கள் வண்டி ஏற்கெனவே மட்டமாகத்தான் ஓடுகிறது. காலியாக நிற்கும்போது பார்த்துத்தான் கவலைப்படுகிறீர்கள்.

காலியாக இருக்கும்போது மட்டமாக்கிவிட்டால் சுமை ஏறியதும் என்ன ஆகும்? பின்பக்கம் 5 செ.மீ. இறங்கினால் மூக்கு வானம் பார்க்கும். 3,095 மி.மீ. நீளத்தில் 5 செ.மீ. சாய்வு என்பது சிறிய எண்தான். ஆனால் 30 மீட்டர் தள்ளி எதிரே வருபவருக்கு உங்கள் முகப்பு விளக்கின் ஒளி ஏறக்குறைய அரை மீட்டர் மேலே போய் நேராகக் கண்ணில் அடிக்கும். வத்தலகுண்டு மலைப்பாதையில் இரவில் பஸ் ஓட்டி வருபவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். இந்த மட்டமாக்கும் மோகம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே எஃப்-150, சில்வராடோ போன்ற பெரிய பிக்கப்புகளில் பல, தொட்டியில் மளிகைப் பையைத் தவிர எதையும் ஏற்றாதவை. மூக்கைத் தூக்கிப் பின்பக்கத்தைக் குந்தவைக்கும் கோலம் அங்கேயே எல்லை மீறி, 2021-இல் வட கரோலினா மாநிலம் முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது என்று சட்டமே போட்டது.

இனி, உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு வழிகள்.

9,000 ரூபாய் ஸ்பேசர். முன் ஷாக் அப்சார்பரும் காயிலும் சேர்ந்த தொகுதியின் தலையில் ஓர் இரும்பு அல்லது அலுமினிய வட்டை வைத்து இறுக்குவார்கள். 25 மி.மீ. வட்டு வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ 2 அங்குலம் உயரும். ஏனென்றால் அந்தத் தொகுதி, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நுனியில் அல்ல, நடுப்பகுதியில் ஊன்றியிருக்கிறது. துலாக்கோல்போல நுனியில் இருமடங்கு வேலை செய்கிறது. மலிவாக உயரம் கிடைக்கும் ரகசியம் இதுதான். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஷாக்கின் நீளம் மாறவில்லை, அது உட்காரும் இடம் மட்டும் கீழே தள்ளப்பட்டிருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, சக்கரத்தைக் கையோடு இணைக்கும் பால் ஜாயிண்டும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டும் தொழிற்சாலை நினைத்ததைவிடக் கீழே போகின்றன. பாறையில் ஏறிச் சக்கரம் முழுக்க மேலே போகும்போது, ரப்பர் முட்டில் இடிப்பதற்கு முன்பே ஷாக்கின் உள்ளே இரும்பு இரும்போடு இடிக்கிறது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காண்டிராக்டரின் பிக்கப்புக்கு இதே வேலையைச் செய்தேன். 32 மி.மீ. வட்டு. வண்டி கம்பீரமாக நின்றது. அவர் கூடுதலாகப் பணம் கொடுத்தார். ஐந்தாவது மாதம் திரும்பி வந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் முன் இடப்பக்கம் கடகடவென்று சத்தம். சக்கரத்தைக் கழற்றினேன். ரிம்மின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ், வட்டமாக, யாரோ தூரிகை வைத்துத் தீட்டியதுபோல் அப்பியிருந்தது. டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை, மடிப்பு மடிப்பாக இருக்குமே, அதன் இரண்டாவது மடிப்பில் கிழிந்திருந்தது. சாய்வு கூடியதால் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய், மூட்டு மென்று தின்னப்பட்டிருந்தது. புது ஷாஃப்டுக்கு நான்தான் பணம் கட்டினேன். அன்றிலிருந்து நான்கு சக்கர இயக்க வண்டிக்கு ஸ்பேசர் வைப்பதில்லை. மற்றவர்கள் வைத்து நன்றாக ஓடுகிறதே என்பீர்கள். ஓடும், தார்ச்சாலையில். உங்கள் ஓடையில் அல்ல.

இரண்டரை லட்ச வழியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 4 அங்குலம் தூக்க முன்பக்க அடிச்சட்டத்தில் வெட்டு ஒட்டு, டிஃபரன்ஷியலைக் கீழே இறக்கும் தாங்கிகள், நீண்ட பிரேக் ஹோஸ், புது மேற்கைகள் எல்லாம் வேண்டும். பின் ஷாஃப்ட் இரண்டு துண்டாக உள்ள பிக்கப்புகளில் நடு பேரிங்கின் கோணம் மாறி, வண்டி கிளம்பும்போதெல்லாம் அடிவயிற்றில் ஓர் உதறல் வரும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்வதைப் பார்த்தால் உங்கள் அம்மா அடுத்த முறை பஸ்ஸில் போய்விடுவார். வேண்டாம்.

இன்னொன்று. எத்தனை அங்குலம் தூக்கினாலும் பின் ஆக்சிலின் நடுவில் குடம்போல் புடைத்திருக்கும் கிரவுன் ஹவுசிங் ஒரு நூல்கூட உயராது. அது சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி, அதிலும் பாதிதான் கிடைக்கும். உங்கள் 255/60 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ. 265/60 ஆர்18 போட்டால் 775. உயர்வு 6 மி.மீ. என்னைக் கேட்டால், உயரத்துக்காக அல்ல, பிடிமானத்துக்காக அந்த அளவில் தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்கும் ஏற்ற ஆல்-டெரெய்ன் டயர் போடலாம். அதற்கு மேல் போனால் மட்கார்டின் உட்பக்கம் உரசும். மீட்டர் காட்டும் வேகத்தைவிட வண்டி கூடுதலாக ஓடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வேலையாகப் பம்பரையும் வின்ச்சையும் கழற்றிவிட்டுப் பழைய பம்பரை மாட்டுவேன். இரண்டு ஆண்டில் வின்ச்சை எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்தில் ஒருமுறையோ இருமுறையோ சேற்றில் மாட்டுவதற்குக் கையால் இழுக்கும் வின்ச் ஒன்றைத் தொட்டியில் போட்டுக்கொள்ளலாம். மழைக்காலம் முடிந்ததும் இறக்கி வைத்துவிடலாம். மேலும், இந்த வகை இரும்புக் காப்புகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

பிறகு எடைமேடைக்குப் போங்கள். தொட்டி காலி, டேங்க் நிறைய டீசல், நீங்கள் மட்டும் உள்ளே. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எடை; முழு வண்டியையும் ஏற்றி இன்னோர் எடை; கழித்தால் பின் ஆக்சிலின் எடை. இதையே ஆறு மூட்டையோடும் ஆட்களோடும் மறுபடி எடுங்கள். இரண்டு சீட்டையும் ஆர்.சி. புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் காலி எடையும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் அச்சிட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் ஆட்கள், மூட்டை, பம்பர் எல்லாம் அடங்க வேண்டும். தனிப்பயன் வண்டியாகப் பதிவாகும் வி-கிராஸில் அந்த மிச்சம் பலரைத் திடுக்கிட வைக்கும் அளவுக்குச் சிறியது. ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் வண்டி இறங்காமல் நிற்கும், ஆர்.சி.யில் உள்ள எண் மாறாது, பிரேக்கின் பலமும் மாறாது. மூட்டை கூடுகிறது என்று சீட்டு சொன்னால் இரண்டு நடையாக இறக்குங்கள்.

பம்பர் கழன்ற பிறகும் ஓடையில் தட்டினால் முன்பக்கத்துக்குப் புது காயில் ஸ்பிரிங், அதற்குப் பொருத்தமான ஷாக். தொழிற்சாலை உயரத்தைவிட 30 மி.மீ., மிஞ்சிப்போனால் 40. ஸ்பேசரும் உயர்த்துகிறது, ஸ்பிரிங்கும் உயர்த்துகிறது, என்ன வேறுபாடு என்று கேட்கலாம். சரியான நீளமுள்ள ஷாக்கோடு வரும் ஸ்பிரிங்கில், சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதை ஷாக்கே நிறுத்திவிடும். மூட்டுகள் தங்கள் எல்லையைத் தாண்டாது. ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் போன்ற ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள் இந்த வண்டிக்கு முன் ஸ்பிரிங்கை எடைவாரியாகவே பிரித்துத் தயாரிக்கிறார்கள்: சாதா பம்பருக்கு ஒன்று, இரும்பு பம்பருக்கு ஒன்று, வின்ச்சும் சேர்ந்தால் இன்னொன்று. பம்பரைக் கழற்றிவிட்டு வின்ச்சுக்கான ஸ்பிரிங்கை வாங்கிவிடாதீர்கள். எடைமேடைச் சீட்டைக் கேட்காமல் ஸ்பிரிங் விற்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

பின்பக்கம்? கையை வைக்காதீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகுவது நம் பட்டறைகளின் பழைய வழக்கம். ஆண்டில் மூன்று மாதம் 300 கிலோவுக்காக ஒரு பட்டை கூட்டினால், மீதி ஒன்பது மாதமும் காலி வண்டி பின்னால் குதிரைபோல உதைக்கும். அந்த உதையை வாங்கப்போவது பின்சீட்டில் உட்காரும் உங்கள் அம்மாவின் முதுகு. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைத்து உயர்த்துவதும் வேண்டாம். வேகமாகக் கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் ஆக்சில் முறுக்கிக்கொண்டு பட்டையை எஸ் வடிவில் வளைக்கும். காற்றுப்பையைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். சுமைக்கேற்பக் காற்றை ஏற்றி இறக்கலாம் என்பதால் அது கவர்ச்சியான யோசனைதான். ஆனால் பட்டையின் இரு முனைகளிலும் பகிர வேண்டிய எடையை அது அடிச்சட்டத்தின் நடுவில் ஒரே புள்ளியில் குவிக்கிறது. ஆஸ்திரேலியாவில் காற்றுப்பை வைத்து, அளவுக்கு மீறி ஏற்றி, அடிச்சட்டமே முறிந்து வளைந்த இரட்டை கேபின் பிக்கப்புகள் பல. உங்கள் 300 கிலோவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பட்டைகளின் முனையில் உள்ள ரப்பர் புஷ்களைப் பாருங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். பின் ஷாக்கில் எண்ணெய் கசிந்திருந்தால் முன் ஷாக்கோடு சேர்த்து அதையும் மாற்றுங்கள். பின்பக்கத்துக்கு அவ்வளவே செலவு.

பட்டறையில் நின்று கவனிக்க வேண்டியவை சில. கீழ்க்கையின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுதியாக இறுக்கவே கூடாது. இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி, வண்டியை இரண்டு முறை அமுக்கிவிட்டுப் பிறகுதான் இறுக்க வேண்டும். அந்த புஷ்ஷின் ரப்பர் இரும்போடு ஒட்டியிருப்பது. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு ஆறே மாதத்தில் கிழியும். அதுவரை உயரமும் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். பின் பட்டையின் யூ போல்ட்டுகளைக் கழற்ற நேர்ந்தால் பழையதையே போட விடாதீர்கள். ஒருமுறை இழுபட்டவை அவை. 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீல் அலைன்மென்ட் சீட்டில் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு, மட்டும் சரிசெய்து கொடுப்பது பல இடங்களில் வழக்கம். கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்), கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) இரண்டின் எண்ணையும் கேளுங்கள். முன்பக்கம் உயர்ந்தால் கேஸ்டர் குறையும். குறைந்தால் வளைவு முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, நீங்கள்தான் இழுத்துத் திருப்ப வேண்டும். 40 மி.மீ.க்கு மேல் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் காரணம். அதற்குமேல் போனால் தொழிற்சாலை கொடுத்த சரிசெய்யும் இடம் தீர்ந்துபோய், மேற்கையையே மாற்ற வேண்டிவரும். வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி முகப்பு விளக்கின் ஒளியை மறுபடி இறக்குங்கள். பின்னாளில் யாராவது உங்களைப் பின்பக்கத்தையும் தூக்க வைத்துவிட்டால், ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய் பிரேக் வால்வில் சேர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில பிக்கப்புகளில் அது உண்டு. பின்பக்கம் எழும்பியிருந்தால் தொட்டி காலி என்று எண்ணிப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைப்பது அதன் வேலை. வண்டியைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியை மறந்தால், மூட்டை ஏற்றி மலை இறங்கும்போது பின் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உற்பத்தியாளர் தந்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். “இரண்டு அங்குலம்வரை பரவாயில்லை சார்” என்று பட்டறைகளில் சொல்வார்கள். அந்தப் பிரிவில் அங்குலக் கணக்கு எதுவும் இல்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் கூடாது என்றால், தேய்ந்த ஸ்பிரிங்குக்குப் பதில் இசுசுவின் சொந்தப் புது ஸ்பிரிங்கையே போடுங்கள். பம்பர் இல்லாமல், புது ஸ்பிரிங்கில், நீங்கள் தேடும் உயரத்தில் பாதி கிடைத்துவிடும்.

ஓடையையும் மறக்க வேண்டாம். அந்தக் கடவில் இரண்டு பக்கமும் கரையை ஒரு நாள் ஆள் வைத்துச் சரித்து, அடியில் கருங்கல் பரப்பினால் ஆகும் செலவு 9,000 ரூபாய்க்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன். சஸ்பென்ஷன் வேலை பார்த்துப் பிழைப்பவன் இதை எழுதக் கூடாதுதான்.

பம்பரைக் கழற்றிய பின் அதே நான்கு இடங்களில் மறுபடி அளந்து, எடைமேடைச் சீட்டு இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். எந்த ஸ்பிரிங் என்று அப்போது சொல்கிறேன். அதற்கு முன் இந்த வாரமே செய்ய ஒரு வேலை இருக்கிறது. கதவுக்குக் கீழே பக்கப்படியும், ஏறும்போது பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு கைப்பிடியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அம்மாவுக்கு அவற்றை முதலில் மாட்டுங்கள்.